மார்கழியில் மலைக்குப் போகிறவர்களுக்கு

ஊட்டியில் நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கிவிட்டது. விடிகாலையில் தலைகுந்தா பக்கம் போனால் புல்வெளி உப்பு தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது. வாசலில் நிறுத்திய பைக் சீட்டில் விரலால் பெயர் எழுதலாம். இதைப் பார்க்கவென்றே ஐந்து மணிக்குக் குழந்தைகளை எழுப்பிக்கொண்டு வருகிறார்கள். தாராளமாக வரட்டும். ஆனால் ஸ்வெட்டரும் குல்லாவும் வாங்கியதோடு ஏற்பாடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நம்மூர் மலைகளில் குளிர் நேரடியாக ஆளைக் கொல்வது அபூர்வம். குளிருக்குப் பயந்து நாம் செய்கிற காரியம்தான் பெரும்பாலும் கொல்கிறது.

முதல் காரியம் கரி அடுப்பு. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் சின்னப்பள்ளத்தில், திருச்சியிலிருந்து வந்த இரண்டு பேர் கறி சுட்ட அடுப்பை அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு படுத்தார்கள். காலையில் எழுந்திருக்கவில்லை. ஆகஸ்ட் குளிருக்கே அப்படியென்றால் மார்கழியில் கேட்கவே வேண்டாம். அறை குளிர்கிறது, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, மூலையில் கனல் செக்கச்செவேலென்று இருக்கிறது, புகையும் இல்லை. இதைவிடச் சுகமான படுக்கை கிடையாது என்றுதான் தோன்றும். புகை நின்றுபோன கனலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறுகிறுப்பு. மலைப்பாதையில் ஏறி வந்தவர்கள் இதை வளைவில் சுற்றிய மயக்கம் என்று நினைத்து, தூங்கினால் சரியாகிவிடும் என்று படுத்துவிடுகிறார்கள்.

ஆகவே கனல் வாசலோடு நிற்கட்டும். அணைந்த மாதிரி தெரிகிற கரிக்கும் இதே விதிதான். விடுதிக்காரரே அன்பாக அடுப்பு கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லி, இன்னும் இரண்டு கம்பளி கேளுங்கள். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். காரை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டரில் தூங்குவதும் கூடாது. அறையில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலை வலித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லோரையும் வெளியே இழுத்து வந்துவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது ஆபத்து, பாதை. மாலை நாலு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும்; லோபீமில் போங்கள், சாலையோரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எல்லாப் பக்கமும் காட்டுமாடு சாலைக்கு வருகிறது. கறுத்த உடம்பு, பனியில் அதன் வெள்ளைக் கால்கள்தான் முதலில் தெரியும், அதுவும் கிட்ட வந்த பிறகு. ஹாரன் அடித்து விரட்டப் பார்க்காமல் நின்றுவிடுங்கள், அது தானாகக் கடந்து போகும்.

இறக்கத்தில் பழைய டிரைவர்கள் சொல்வது ஒன்றுதான்: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, அது தேவைப்படுகிற வளைவில் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். டி-யிலேயே விட்டுவிடாமல் கீழ் கியருக்கு மாற்றுங்கள். கருகல் வாசனை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் டீ குடியுங்கள். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவது மரியாதை மட்டுமல்ல, சட்டமும் அதுதான்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 36 கொண்டை ஊசி வளைவு. 2018 அக்டோபர் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஏழு பேர் மசினகுடிக்குக் கிளம்பி அங்கே கவிழ்ந்தார்கள். பள்ளத்தில் கிடந்த கார் இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. ஐந்து பேர் இறந்திருந்தார்கள், இரண்டு பேரை உயிரோடு மீட்டார்கள். இறங்குமுகமாகப் போக நினைக்கிற வெளியூர் வண்டிக்காரர்கள் தலைகுந்தாவில் போலீஸ் என்ன சொல்கிறார்களோ அதைக் கேளுங்கள். கூடலூர் சுற்று என்றால் சுற்று. கூகுள் மேப் காட்டுகிற குறுக்குவழிக்குக் கொண்டை ஊசி தெரியாது. எங்கே போனாலும், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மூன்றாவது ஆபத்து இப்போது கண்ணுக்குத் தெரியாது. உறைபனி விழுந்த புல் வெயில் ஏறியதும் கருகுகிறது. தோட்டக்காரர்கள் இளஞ்செடிகளை மிலாறுத் தழை போட்டு மூடி வைப்பது இதனால்தான். மூட ஆளில்லாத மலைச்சரிவுப் புல் தை மாதம் பழுத்து, மாசியில் விறகாகிவிடும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்களைச் சூழ்ந்தது அப்படிக் காய்ந்த புல்லில் பிடித்த தீதான். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதற்கு முன்பே போர்வையும் தண்ணீருமாக ஏறிப் போனவர்கள் உள்ளூர்க்காரர்கள். 23 உயிர்கள் போயின.

அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024-இல் அரசே 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்திருக்கிறது. நடக்க ஆசையிருந்தால் அதில் இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். தீக்காலம் வந்தால் மூடிவிடுவார்கள். வாட்ஸப் குழுவில் “பர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று அழைக்கிறவரிடம் வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். நடக்கும்போது தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடாதீர்கள். தீ சரிவில் ஏறும்போது மனிதனைவிட வேகமாக ஏறும். பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை, இவற்றில் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள். நைலான் ஜாக்கெட்டைக் கழற்றி எறியுங்கள், அது உருகித் தோலில் ஒட்டும்.

கோயில் மலையான வெள்ளியங்கிரிக்குப் பிப்ரவரியில் வழி திறக்கும். ஏழு மலையும் ஏறுவதாக வேண்டிக்கொண்டவர்களில் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் இப்போதே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். 2024-இல் ஏறும் வழியில் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் இறந்தவர்கள் பலர்.

சில்லறை விஷயங்கள்: நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் மலை ரயில் மழையில் மண் சரிந்தால் ரத்தாகும், முதல் நாள் விசாரியுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு வாருங்கள். காலையில் கார் கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். குழாய்த் தண்ணீரே போதும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, தீயணைப்புக்கு 101.