வழி வினவுதல்

ஜெர்மனி நாட்டில் வழி தவறுதல் அரிதன்று. ஃபிராங்க்ஃபர்ட் என்னும் பெயரால் அங்கு இரண்டு நகரங்கள் உள. ஒன்று மேற்கே மைன் ஆற்றங்கரையில் வங்கிகள் மலிந்து விளங்கும் பெருநகரம். மற்றொன்று கிழக்கெல்லையில், போலந்து நாட்டை ஒட்டி, ஓடர் ஆற்றங்கரையில் அமைந்த சிறுநகரம். ஆற்றின் பெயரை விடுத்து ஊர்ப்பெயரை மட்டும் கூறிப் பயணச்சீட்டுப் பெறுபவர் இடர்ப்படக்கூடும்.

பெர்லின் நகரத்துக் குர்ஃபுர்ஸ்டென்டாம் பெருவீதியிலோ, வீட்டெண்கள் ஒரு புறமாகவே ஏறிச் சென்று, கோடியில் திரும்பி, மறுபுறமாக வந்து சேர்கின்றன. அவ்வீதியின் தொடக்கப்பகுதி 1925இல் வேறு பெயர் பெற்றமையால், எண்களும் 11இலிருந்தே தொடங்குகின்றன. 12ஆம் எண்ணை எதிர்ப்புறத்தில் தேடுபவர் இருநூற்றுக்கு மேற்பட்ட எண்களைக் கண்டு திகைப்பர். தாம் தங்கிய வீதியை மறவாதிருக்க, மூலைப் பலகையில் கண்ட 'ஐன்பான்ஷ்ட்ராஸெ' என்னும் சொல்லை எழுதிக்கொண்ட பயணி ஒருவரைப் பற்றிய நகைச்சுவைக் கதையும் வழங்குகின்றது. ஒருவழிப்பாதை என்பதே அதன் பொருள்; அப்பலகை இல்லாத ஊர் அரிது!

இந்நிலையில் வாய்திறந்து வினவுதலே வழி. 'என்ட்ஷுல்டிகுங்' என்று தொடங்குதல் வேண்டும். 'பொறுத்தருள்க' என்னும் பொருள்படும் அச்சொல்லைக் கேட்டதும், விரைந்து செல்வோரும் நிற்பர். பின்னர், 'இஹ் ஹாபெ மிஹ் ஃபெர்லௌஃபென்' எனல் வேண்டும். நடந்து சென்று வழி தவறினேன் என்பது இதன் கருத்து. ஊர்தியில் சென்று தவறியவர் 'ஃபெர்லௌஃபென்' என்னாது 'ஃபெர்ஃபாரென்' என்பர். நம் மொழியில் இரண்டிற்கும் ஒரே தொடர் போதும்.

அறியாதவரை 'நீ' எனப் பொருள்படும் 'டூ' என்னும் சொல்லால் விளித்தல் தகாது. 'நீங்கள்' எனப் பொருள்படும் 'ஸீ' என்பதே உரியது. இவ்வேறுபாட்டைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 'நிலையம் எங்கே?' என்று நேரே கேட்பதினும், 'நிலையம் எங்கே இருக்கின்றது என்று அறிவீர்களா?' எனக் கேட்பது பணிவுடையது. அவ்வாறு கேட்குங்கால், இடத்தைக் குறிக்கும் தொடரின் வினைச்சொல் அத்தொடரின் இறுதிக்குச் சென்றுவிடுகின்றது. 'வோ டெர் பான்ஹோஃப் இஸ்ட்' என்பதில் 'எங்கே நிலையம் இருக்கின்றது' என, வினை தமிழிற் போலவே ஈற்றில் நிற்றல் காண்க.

கேட்பது எளிது, விடையை உணர்வதே அரிது. 'லிங்க்ஸ்' என்றால் இடப்புறம். 'ரெஹ்ட்ஸ்' என்றால் வலப்புறம். இவ்விரண்டும் விரைவில் பழகிவிடும். எண்களோ அத்தகையன அல்ல. ஜெர்மானியர் 52 என்பதை 'இரண்டும் ஐம்பதும்' என்று ஒன்றாம் இலக்கத்தை முன்வைத்துக் கூறுவர். செவியில் விழுந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ளும் புதியவர், 25ஆம் எண் பேருந்தில் ஏறி, இரவில் நகரின் மறுகோடியில் இறங்க நேரும். வழி கேட்டபின் வழி தவறுவது கேளாது தவறுவதினும் கொடிது. ஏனெனில், தவறினோம் என்னும் ஐயமே அப்பொழுது எழுவதில்லை. ஆதலின், 'லாங்ஸாம், பிட்டெ' என்று கூறி, மெல்ல ஒருமுறை சொல்லுமாறு வேண்டி, எண்ணை அவரையே தாளில் எழுதித் தரச் செய்தல் நன்று. 'டாங்கெ' என நன்றி கூறினால், அவரும் 'பிட்டெ' என்றே மறுமொழி கூறுவர். வேண்டுகோளுக்கும் அதுவே சொல். நன்றிக்கு விடையும் அதுவே.

காட்டில் வழி தவறினாலோ வினவுதற்கு ஆள் இரார். ஆயினும் பல காடுகளில், வெண்சிலுவைக் குறியும் எண்ணும் பொறித்த பச்சைநிறப் பலகைகளை ஆங்காங்கே நட்டுள்ளனர். இடருற்றவர் தொலைபேசியில் 112ஐ அழைத்து அவ்வெண்ணைக் கூறின், மீட்போர் அவ்விடத்தை அறிந்து வருவர். எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லல் வேண்டும். இரண்டைக் குறிக்கும் 'ட்ஸ்வை' என்பது, மூன்றைக் குறிக்கும் 'ட்ரை' என்பதைப் போலத் தொலைபேசியில் ஒலித்து மயக்கந் தரும். அதனால் ஜெர்மானியரே அவ்விடத்து இரண்டை 'ட்ஸ்வோ' என மாற்றிக் கூறுவர்.