பூமி பூஜைக்கு முன்னால் ஒரு பென்சில் பூஜை!

புது வீடு கட்டப்போகும் குடும்பங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். இன்ஜினீயர் ஹாலில் பிளானை விரிப்பார். வீட்டுக்காரரும் மாமனாரும் குனிந்து பார்ப்பார்கள். இல்லத்தரசியோ காபி டம்ளரை வைத்துவிட்டு, ‘எல்லாம் அவர் பார்த்துப்பார்’ என்று உள்ளே போய்விடுவார்.

சகோதரிகளே, இனி உள்ளே போகாதீர்கள். அந்த வீட்டில் விடியற்காலை விளக்கேற்றுவதும், அடுப்பு பற்றவைப்பதும், ராத்திரி கடைசியாகக் கதவைத் தாழிடுவதும் நீங்கள்தான். காகிதத்தில் ஒரு சுவரை நகர்த்த ஒரு அழிரப்பர் போதும். கான்கிரீட் போட்ட பிறகு நகர்த்த லட்சங்கள் வேண்டும். அதனால், பிளானை அனுமதிக்குக் கொடுக்கும் முன்பே, கையில் பென்சிலோடு உட்காருங்கள்.

கோயிலே பாடப் புத்தகம்

வாஸ்து என்றதும் பயம் வேண்டாம். நீங்கள் வாராவாரம் வலம் வரும் சிவன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கோயில்களில் மடப்பள்ளி இருப்பது தென்கிழக்கில். அது அக்னி மூலை. தென்மேற்கில் கன்னிமூலை கணபதி கனமாக உட்கார்ந்திருப்பார். வடகிழக்கில், அதாவது ஈசான்யத்தில், நவக்கிரகங்களும் பைரவரும் இருப்பார்கள். மீதமுள்ள வடமேற்கு வாயு மூலை.

வீட்டுக்கும் இதே கணக்குதான். அடுப்பு அக்னியில். குடும்பத் தலைவரின் படுக்கையறை, பீரோ போன்ற கனமானவை கன்னிமூலையில். பூஜையும் தண்ணீர்த் தொட்டியும் ஈசான்யத்தில். விருந்தினர் அறை, கழிவறை போன்றவை வாயு மூலைப் பக்கம்.

ஒன்பதாக மடியுங்கள்

முதலில் திசைகாட்டியோடு மனைக்குப் போய், பிளானில் போட்டிருக்கும் வடக்கு அம்புக்குறி சரிதானா என்று பாருங்கள். பிறகு பிளானின் நகல் ஒன்றில் வீட்டின் வெளிச்சுவர் கோட்டோடு வெட்டியெடுத்து, நீளவாக்கில் மூன்றாகவும் அகலவாக்கில் மூன்றாகவும் மடித்துப் பிரியுங்கள். ஒன்பது கட்டங்கள் தெரியும்.

வாஸ்து மண்டலத்தில் 81 பதங்கள் கொண்ட வகை ஒன்று உண்டு. அதில் 45 தேவதைகள் வாசம் செய்வதாகச் சாஸ்திரம் சொல்கிறது. நட்டநடுவில் உள்ள 9 பதங்கள் பிரம்மாவுக்கு உரியவை. நீங்கள் மடித்த காகிதத்தின் நடுக்கட்டம் சரியாக அந்த ஒன்பது பதங்கள்தான்! செட்டிநாட்டு வீடுகளில் நடுவே முற்றம் விட்டார்களே, வெளிச்சமும் காற்றும் அங்கிருந்துதான் எல்லா அறைக்கும் போயின. நகரத்து மனையில் முற்றம் வைக்க முடியாவிட்டாலும், நடுக்கட்டத்தில் கழிவறையோ, கனமான சுவரோ வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணம்

கிழக்குப் பார்த்த 30க்கு 40 மனை. 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு. முதல் பிளானில், மாடியை வாடகைக்கு விட வசதியாக இருக்கட்டும் என்று படிக்கட்டை வடகிழக்கு முகப்பில் வைத்து, அதன் அடியில் பூஜைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு படுக்கையறைக்கும் பொதுவான கழிவறை வீட்டின் நடுவில் வந்துவிட்டது. சமையலறை மட்டும் தென்கிழக்கில் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது பென்சிலை எடுங்கள். படிக்கட்டைத் தெற்குச் சுவரை ஒட்டி, சமையலறைக்கும் கன்னிமூலைப் படுக்கையறைக்கும் இடையில் நகர்த்துங்கள். குடியிருப்பவர்கள் தெற்குப் பக்கச் சந்து வழியாக ஏறிக்கொள்ளலாம். ஈசான்யம் விடுபட்டு, காலை வெயில் பூஜை அறையில் விழும். கழிவறையை மேற்குச் சுவருக்கு, இரண்டு படுக்கையறைகளுக்கும் நடுவே தள்ளுங்கள். நடுவீட்டில் இருந்தபோது அதற்கு ஜன்னலே கிடையாது. ஈரமும் வாடையும் வீட்டுக்குள்தான் சுற்றும். வெளிச்சுவர் கிடைத்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. பிரம்மஸ்தானமும் சுத்தமாயிற்று. சாஸ்திரம் சொன்னதும் சுகாதாரம் சொல்வதும் ஒன்றாகவே வந்து நிற்பதைப் பாருங்கள்.

ஒரு நாள் வாழ்ந்து பாருங்கள்

அடுத்து, பென்சில் முனையை வாசல்படியில் வைத்து, ஒரு நாள் முழுக்க அந்த வீட்டில் நடங்கள். கோலம் போட்டுவிட்டு உள்ளே வருகிறீர்கள். பூஜை அறைக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து கும்பிட இடம் இருக்கிறதா? அடுப்பு மேடை கிழக்குச் சுவரில் இருந்தால் கிழக்கு நோக்கிச் சமைக்கலாம். ஆனால் ஜன்னல் அடுப்புக்கு நேராக வந்தால் காற்றில் தீ அலையும். சற்றுத் தள்ளி வையுங்கள். பாத்திரம் துலக்கும் தொட்டி அடுப்பிலிருந்து இரண்டடியாவது விலகட்டும். மேடை உயரம் உங்கள் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. துவைத்த துணியை எங்கே காயவைப்பீர்கள்? சிலிண்டர் எந்த வழியாக வரும்?

இரவு இரண்டு மணிக்கு மாமியார் எழுந்து கழிவறைக்குப் போகிறார். எத்தனை அடி நடக்க வேண்டும்? வழியில் படி இருக்கிறதா? பெரியவர்கள் அறை தரைத்தளத்திலேயே இருக்கட்டும். கழிவறைக் கதவு குறைந்தது இரண்டரை அடி, முடிந்தால் மூன்றடி அகலம் வையுங்கள். வழுக்காத தரையும், சுவரில் பிடிமானக் கம்பியும் இப்போதே எழுதிவிடுங்கள். பெரியவர்கள் விழாமல் நடமாடும் வீட்டில்தான் லட்சுமி நிலைத்து நிற்பாள்.

வெளிச்சத்தில் பிடியுங்கள்

மாடியும் கட்டுவதானால், இரண்டு தளங்களின் பிளானையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீழே இருக்கும் பூஜை அறைக்கு நேர் மேலே மாடிக் கழிவறை வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் கண்ணில் படவே படாது. பூஜை அறைக்கும் கழிவறைக்கும் ஒரே சுவர் பொதுவாக வருவதையும் தவிர்த்துவிடுங்கள்.

மனையடி அளவு பார்ப்பவரா நீங்கள்? 8, 10, 11, 16 அடிகளை நல்ல அளவு என்பார்கள். இது சுவருக்குச் சுவர் உள்கூடு அளவு. பிளானில் 10 அடி என்று இருந்தாலும், இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூச்சு ஏறினால் ஒரு அங்குலம் குறைந்துவிடும். ‘பூச்சுக்குப் பிறகு 10 அடி வரவேண்டும்’ என்று இன்ஜினீயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தெற்கு வாசல் என்று கலங்க வேண்டாம்

தெற்குப் பார்த்த மனை அமைந்தால் சிலர் அழுதே விடுகிறார்கள். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை பக்கத்துக்கு எட்டாக 32 வாசல் நிலைகளுக்குப் பலன் சொல்கிறது. நான்கு திசையிலும் நல்ல நிலைகள் உண்டு. ஞானம் அருளும் தட்சிணாமூர்த்தி தெற்கு நோக்கித்தானே அமர்ந்திருக்கிறார்! அக்னி மூலையில் சமையலறை அமையவில்லை என்றால் வாயு மூலையில் வைப்பதும் வழக்கத்தில் உள்ளதுதான்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். தூணும் உத்தரமும் கட்டடத்தின் கை கால்கள். காகிதத்தில்கூட அவற்றை இன்ஜினீயரைக் கேட்காமல் நகர்த்தக் கூடாது. கட்டி முடித்த வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று தூணை உடைப்பது குடியிருப்பவர் உயிருக்கே ஆபத்து. எல்லாம் பொருந்திவராதபோது பத்திரம் முதலில், வெளிச்சமும் காற்றும் அடுத்து. மற்றவற்றை இறைவனிடம் விட்டுவிடலாம்.

வாஸ்து நாள்

பிளான் முடிவானதும் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22 என்று வருடத்தில் எட்டு நாட்கள் வாஸ்து புருஷன் கண் விழிக்கிறார். விழித்திருப்பது மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம். அதில் அவர் போஜனம் செய்து தாம்பூலம் தரிக்கும் கடைசி 36 நிமிடங்கள் பூமி பூஜைக்கு உகந்தவை. நேரம் ஊருக்கு வந்த பஞ்சாங்கத்தில் இருக்கும்.

நாள் நெருங்கிவிட்டதே என்று அரைகுறை பிளானோடு அஸ்திவாரம் தோண்டிவிடாதீர்கள். ஒரு வாஸ்து நாள் தவறினால் சில மாதங்களில் அடுத்தது வந்துவிடும். நீங்கள் அந்த வீட்டில் விளக்கேற்றப் போவதோ ஆயுள் முழுக்க!