சிரட்டைப் பொத்தானும் கூலிக் கணக்கும்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்னந்தோப்புகளில் விறகாகப் போகும் சிரட்டை, வீட்டிலிருந்தே செய்யத்தக்க பொத்தான் தொழிலுக்கு மூலப்பொருளாகும். முற்றி உலர்ந்த சிரட்டையின் நாரைச் சுரண்டி, வட்டமாக அறுத்து, வளைவு நீங்க உப்புத்தாளில் தேய்த்து, துளையிட்டு, எண்ணெய் பூசுதல் வேண்டும்.

பொத்தானின் குறுக்களவை வணிகர் ‘லைன்’ என்பர். 40 லைன் ஓர் அங்குலம். சட்டைக்குப் பெரும்பாலும் 18 லைன், ஏறக்குறைய 11.4 மி.மீ. அளவு மிகுந்தால் காஜாவில் நுழையாது, குறைந்தால் நில்லாது. தையற்காரர் அத்தகைய சரக்கை மறுமுறை வாங்கார்.

144 பொத்தான்கள் ஒரு குரோசு. சிரட்டை இலவசமென்று விலையைக் குறைத்தல் தகாது. உப்புத்தாள், உடைந்து கழிந்தவை, உழைத்த மணிகள் யாவும் சேர்ந்ததே அடக்கவிலை. வீட்டுப் பெண்டிரின் கூலியைச் சேர்க்காமல் கண்ட லாபம் லாபமன்று. அங்கத்தினர் இதனை நினைவிற் கொள்வாராக.