அர்ச். சவேரியாரும் ஒரு ஜப்பானியச் சொல்லும்



நம் முத்துக்குளித்துறையில் வேதம் போதித்த அர்ச். சவேரியார், 1549-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, மோட்சாரோபணத் திருநாளன்று, ஜப்பானில் ககோஷிமா துறையில் கரையிறங்கினார். சர்வேசுரனை அந்நாட்டுப் பாஷையில் எப்படிச் சொல்வது? உடன் வந்த அஞ்சிரோ என்ற ஜப்பானியக் கிறிஸ்தவர் ‘தைநிச்சி’ என்னும் சொல்லைக் கொடுத்தார். ‘பெருஞ்சூரியன்’ என்று அதற்கு அர்த்தம். சவேரியாரும் அதையே வைத்துப் பிரசங்கித்தார்.

1551-ல் யமகுச்சி நகரில் ஷிங்கோன் பிரிவுப் பௌத்த துறவிகள், அவருடைய போதனையும் தங்களுடையதும் ஒன்றே என்று மகிழ்ந்து வரவேற்றார்கள். சவேரியாருக்குச் சந்தேகம் பிறந்தது. தமதிரித்துவத்தையும் மனிதாவதாரத்தையும் பற்றி விசாரித்தார். அவர்களுக்கு அது புதுமையாயிருந்தது. தைநிச்சி உலகத்தைப் படைத்தவரல்ல, உலகம் முழுவதுமே தைநிச்சியின் சரீரம் என்பது அவர்கள் கொள்கை. உடனே சவேரியார் அச்சொல்லை விட்டு ‘தேயுஸ்’ என்ற இலத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டார். தைநிச்சியைப் பசாசின் கற்பனை என்றும் கண்டித்தார். நேற்றைய நண்பர்கள் பகைவரானார்கள்.

அச்சொல்லின் வேர் எங்கேயிருக்கிறது? பாரதத்தில்! ‘மஹாவைரோசனர்’ என்ற சமஸ்கிருதப் பெயரே சீனம் வழியாகத் தைநிச்சி ஆயிற்று. ‘ஷிங்கோன்’ என்பதும் நம் ‘மந்திரம்’ என்ற சொல்லின் மொழிபெயர்ப்புத்தான். 804-ல் சீனாவுக்குச் சென்ற கூகாய் என்ற துறவி, 806-ல் இம்மார்க்கத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். நம் நாட்டுச் சரஸ்வதிகூட அங்கே ‘பென்சைதென்’ என்று வணங்கப்படுகிறாள்.

ஆகவே ஜப்பானை மட்டும் பார்த்து ஜப்பானியர் மதத்தை அறிய முடியாது. இதையுணர்ந்தே நான்ஜோ புன்யூ என்ற பௌத்த துறவி, 1879-ல் ஆக்ஸ்போர்டில் மாக்ஸ் முல்லரிடம் சமஸ்கிருதம் கற்கச் சேர்ந்தார். ஹோரியூஜி மடத்தில் காக்கப்பட்டுவந்த சமஸ்கிருத ஓலைச்சுவடியை 1884-ல் இருவரும் அச்சிட்டார்கள்.

சவேரியாரிடம் அன்பு குறைவில்லை; படித்தறிய வசதியில்லை. நம் கரையிலும், விசுவாசப்பிரமாணத்தில் ‘விசுவாசம்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று மொழிபெயர்த்திருந்ததை அறிந்து, 1544-ல் தாமே திருத்தினார். பிழையை மறைக்காதது அவருடைய தாழ்ச்சி.

1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற மதங்களில் உண்மையும் பரிசுத்தமுமாயிருப்பவற்றைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று போதித்தது. எது உண்மை என்று அறியாமல் எப்படி மதிப்பது? ‘எல்லாம் ஒன்றே’ என்பதும், ‘எல்லாம் பசாசு’ என்பதும் படியாமல் சொல்லும் தீர்ப்புகளே.

வீட்டில் சிந்திக்க: அடுத்த வீட்டார் எதை விசுவசிக்கிறார்கள் என்று அவர்களிடமே நாம் கேட்டதுண்டா?