கடைசிப் பில்லைப் பார்த்து எஸ்டிமேட் போடுங்கள்

திருநெல்வேலி வட்டாரத்தில் வீடுகளுக்கும் வாய்க்கால் வேலைகளுக்கும் எஸ்டிமேட் போட்டு வருகிறேன். புது வேலை வந்தால், அதே மாதிரி முடிந்த வேலைகளின் கடைசிப் பில்களைத்தான் முதலில் எடுப்பேன். அவற்றின் பழைய எஸ்டிமேட்டை நம்ப மாட்டேன்.

காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009இல் தொடங்கியபோது மதிப்பீடு 369 கோடி ரூபாய். கன்னடியன் கால்வாயிலிருந்து திசையன்விளை அருகே எம்.எல். தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர். 2025 பிப்ரவரியில் திறந்தபோது 1,060.76 கோடி. இனி இப்படியொரு கால்வாய்க்குக் கணக்குப் போடுகிறவர் இந்தக் கடைசித் தொகையையும், ஆன 16 ஆண்டுகளையும் சேர்த்தே எடுக்கவேண்டும்.

நான் கடைப்பிடிப்பவை:

1. ஒரு வேலையோடு நிற்காமல் மூன்று நான்கு வேலைகளைப் பாருங்கள். அதிகம் செலவானது எது, ஏன் என்று கேளுங்கள். அந்தக் காரணம் புது இடத்திலும் இருந்தால் அந்தத் தொகைதான் உங்களுக்கு.

2. மொத்தத் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஏற்றாதீர்கள். பழைய பில்லிலிருந்து சிமெண்ட் மூட்டை, கம்பி, ஆள் கணக்கை எடுத்து இன்றைய ரேட் போடுங்கள். 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அதற்கு முந்தைய பில்லில் ஆற்று மணல் இருக்கும், இன்று எம்-சாண்ட். 2017 ஜூலைக்கு முந்தைய பில்லில் ஜிஎஸ்டியும் இராது.

3. அஸ்திவாரத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். ஆற்றங்கரையில் வயல் மண், வடக்கே போனால் கரிசல், திசையன்விளைப் பக்கம் தேரி. தரைக்கு மேலே உள்ள வேலையைப் பழைய வீட்டோடு ஒப்பிடலாம். தரைக்குக் கீழே, குழி வெட்டி மண்ணைப் பார்த்த பிறகுதான் தொகை சொல்லவேண்டும்.

4. எந்த மாதம் நடந்த வேலை என்று பாருங்கள். சித்திரையில் தோண்டிய அஸ்திவாரத்தின் செலவில் ஐப்பசியில் தோண்ட முடியாது. மழை நாளில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வாடகையும், மண் சரிந்தால் மறுபடி வெட்டும் கூலியும் சேரும்.

கட்டுகிறவரிடம் ஒரே தொகையைச் சொல்லாமல், குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். கூடுதல் தொகைக்கும் வழி பார்த்துக்கொண்டு கடன் வாங்குகிறவரின் வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றுபோகாது.