மணம் அறியா மூக்கும் கொரிய மருத்துவமும்

மல்லிகையை முகர்ந்தாலும் மணம் இல்லை. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரிவதில்லை. 2020-இல் கொரோனா பரவத் தொடங்கிய பின்னர் நம்மில் பலர் இந்நிலையைச் சில நாட்களேனும் அறிந்தோம். கண் கெட்டால் இரங்கும் உலகம், மூக்குக் கெட்டால் சிரித்துவிட்டுப் போகிறது. எரிவாயு கசிவதை அறியமாட்டாதவனுக்கோ அது சிரிப்பன்று.

கொரிய மருத்துவர்கள் இந்நோயை நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். அரசவை மருத்துவர் ஹோ ஜுன் 1610-இல் எழுதி முடித்து, 1613-இல் அச்சேறிய 'தோங்குய் போகம்' என்னும் பெருநூலில் மூக்குக்கெனத் தனிப் பகுதியே உண்டு. மூக்கு நுரையீரலின் வாயில் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே, மணம் தெரியவில்லை என்று வருபவனிடம் மூக்கை மட்டும் பார்ப்பதில்லை. நுரையீரலின் உயிர்ப்பாற்றல் மூக்குவரை ஏறுகிறதா என்று பார்ப்பர். இவ்வாற்றலை அவர்கள் 'கி' என்பர். குளிரும் சளியும் வழியை அடைத்தனவா, அன்றி உடல் தளர்ந்து ஆற்றலே குன்றியதா? இதற்கேற்பவே மருந்து மாறும். இன்றைய மருத்துவமும் காற்றுவழி அடைபடுதல், மணநரம்பு கெடுதல் என இருவகை கூறுகிறது. இரண்டு கொள்கைகளும் ஒன்றல்ல. ஆயினும் முதற்கேள்வி ஒத்திருப்பது வியப்பே.

'யோதேக் தோங்கிதாங்' என்னும் கஷாயம் இதற்குப் பெயர்பெற்றது. அதிமதுர இனம், இஞ்சி, இலந்தை என நமக்குப் பழகிய சரக்குகளும் அதில் உண்டு. மூக்கின் இரு மருங்கிலும் ஊசி குத்தும் இடத்திற்கு 'மணத்தை வரவேற்பது' என்று பெயர். எத்துணை அழகிய பெயர்!

பெயர் அழகாயிருப்பதால் நோய் தீருமா? இங்கேதான் சிக்கல். மண நரம்பணுக்கள் அழிந்தபின் மீண்டும் முளைக்கவல்லவை. சளிக்காய்ச்சலால் மணம் இழந்தோர் பலர், மருந்தின்றியே சில மாதங்களில் தேறுகின்றனர். மூன்று மாதம் கஷாயம் குடித்துத் தேறியவனுக்கு உதவியது கஷாயமா, காலமா? குடியாதவரோடு ஒப்பிட்டாலன்றி விடை இல்லை. அவ்வாறு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் சிலவே.

ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு அவ்வாறே ஒப்பிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் நாள்தோறும் இருவேளை, 12 வாரம் முகர்ந்தோரிடம் முன்னேற்றம் மிகுதி, முகராதோரிடம் இல்லை. கிராம்புக்கு நம் விடுதிச் சமையலறையே போதும்.

கஷாயத்தை மட்டும் நாமாகக் காய்ச்சிவிடலாகாது. அதில் சேரும் எபெட்ரா என்னும் செடி இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் உயர்த்தும். தலையில் அடிபட்டபின் மணம் போயிற்றெனில் முதலில் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை.