மாதவிடாய் நிற்கும் பருவமும் இரவுத் தூக்கமும்

வரவு செலவு பற்றி எழுதவேண்டிய பக்கத்தில் தூக்கத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். மயிலாடி வட்டாரத்தில் தறியிலும் வயலிலும் உழைக்கும் நம் தாய்மார் பலர் நாற்பத்தைந்து வயதை ஒட்டியவர்கள். இரவெல்லாம் விழித்தவர் பாவிழை அறுந்ததைக் காணத் தவறினால் துணியில் குறை விழும், கூலி குறையும். அறுவடையில் கண் அயர்ந்தால் விரலுக்கே ஆபத்து. ஆயினும் இதனை வெளியில் சொல்ல அவர்கள் கூசுகின்றனர்.

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில், மேல்நாட்டாருக்கு 51. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் நின்றதாகக் கொள்வர். தூக்கக் குறைவோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். சூற்பையில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறையவே, உடற்சூட்டைக் காக்கும் மூளைப் பகுதி அற்பச் சூட்டையும் பெருஞ்சூடாக எண்ணிவிடுகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகமும் மார்பும் தகிக்கின்றன, வியர்வை பெருகுகிறது. சில நிமிடங்களில் அது தணிந்தாலும் கலைந்த உறக்கம் திரும்புவதில்லை.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும்போதும் சன்னலை அடைத்துப் படுப்போர் உண்டு. கம்பியிட்ட சன்னலைத் திறந்து வையுங்கள். நைலான் உடை வேண்டா. தறியில் நெய்த பருத்தியே ஏற்றது. (விற்பனைக்காகச் சொல்லவில்லை!) தேயிலைச் சத்தில் பாதி ஐந்து மணி நேரத்திற்குப் பின்னும் உடலில் தங்கும், ஆகவே மாலைத் தேநீரை விடுக. இரவு பத்து மணிக்கு வந்து தோசை சுடச் சொல்லும் ஆண்மக்களும் இவ்விடத்தைச் சற்றே நிறுத்திப் படிப்பாராக.

இவற்றினும் பயனுள்ளது கணக்கு. ஒரு நோட்டில் இரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், உறங்கிய மணி ஆகியவற்றைக் காலையில் உத்தேசமாகக் குறியுங்கள். இரவில் கடிகாரம் பார்க்க வேண்டா. ஒருவர் 9 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுகிறார். உறங்கியது ஐந்தரை மணி எனில், இரண்டரை மணி படுக்கையில் வீணாகிறது. அவர் சில வாரம் 11 மணிக்குப் படுத்து, எப்போதும்போல் 5 மணிக்கே எழட்டும். படுக்கும் ஆறு மணியில் ஐந்து மணிக்கு மேல் உறக்கம் வந்து, ஒரு வாரம் அது நிலைத்தால், கால் மணி முன்னதாகப் படுக்கலாம். பின்னும் அவ்வாறே கூட்டுக. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் குழுவினர் வெளியிட்ட முறை இது. ஐந்தரை மணிக்குக் கீழே படுக்கை நேரத்தைக் குறைக்கலாகாது. இடையில் விழித்து உறக்கம் வராவிடில் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்து ஜெபமோ நாமமோ சொல்லலாம், கைப்பேசி ஆகாது. கண் சுழலும்போது மீண்டும் படுக்கலாம். முதல் வாரங்களில் பகலில் அயர்வு மிகும். ஆதலால் கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடை நாட்களில் தொடங்காதீர். வலிப்பு, மனநோய் உடையோர் வைத்தியரைக் கேளாமல் செய்யலாகாது.

தூக்க மாத்திரை குறித்து நமக்கு உறுதியான கருத்து உண்டு. அல்பிரசோலம் முதலியவற்றைச் சீட்டின்றி விற்பது சட்டவிரோதம். அடுத்த வீட்டார் மிச்சம் வைத்ததை விழுங்குவதும் தவறே, பழக்கமாகிவிடும். முன்பே உட்கொள்வோர் திடீரென நிறுத்துவதும் தீங்கு.

உறக்கக் குறைவெல்லாம் இப்பருவத்தால் வந்ததும் அல்ல. பெருங்குறட்டையுடன் மூச்சுத் திணறல், படுத்ததும் கால்களை அசைக்கத் தூண்டும் நமைச்சல், நெடுநாள் மனச்சோர்வு, அடிக்கடி சிறுநீர் ஆகியவற்றிற்கு வேறு காரணம் இருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நின்று ஓராண்டு கழிந்து மீண்டும் உதிரம் கண்டால் ஒருநாளும் தாமதியாதீர்.

உடல் தகிப்பு மிகுந்தோருக்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. 2002-இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றினால் பரவிய அச்சம் இன்று பெரிதும் தணிந்துள்ளது. 60 வயதிற்குட்பட்டோர் பலருக்கு அது ஏற்கும். மார்பகப் புற்று, இரத்தக் கட்டு கண்டவர்களுக்கு ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேட்டறியலாம். செல்லும்போது அந்த நோட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.